குழாய் திறக்கும் சத்தம்

இதை என் வீட்டுக்காரர் எழுதுவதற்குள் நான் எழுதிவிட வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. அவருடைய கோழிக்கிறுக்கலைப் பார்த்து டைப் அடித்துக் கொடுத்த பழக்கம்தான் உண்டு. கல்யாணமானதிலிருந்து அடுத்தவர் எழுத்தை அடித்து அடித்து விரல் தேய்ந்தவளுக்குச் சொந்தமாக நாலு பக்கம் வராதா என்ன? எழுதச் சொன்னதும் வேறு யாரும் இல்லை. யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவளேதான். "அண்ணன் ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க முடிச்சிடுங்க அண்ணி" என்றாள்.

அவள் என் நாத்தனார். வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவோம். தலையில் பாதி நரைத்த பிறகும் சின்னவள்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் கண்ணைச் சோதிப்பாள், பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்ப்பாள், மூக்கில் அழுத்துகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கம்பியை லேசாக வளைத்துக் கொடுப்பாள். அவள் விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்து எதைத் தொட்டாலும் அந்தத் தடம் இருக்கும்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மற்ற நேரத்தில் நாவலாசிரியர். நாம் ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். அதில் ஒரு வார்த்தை அவருக்குப் பிடித்துவிட்டால் சட்டென்று எழுந்து குளியலறைக்குள் போய்விடுவார். கதவைச் சாத்துவார். குழாயை முழுசாகத் திறப்பார். அந்தச் சத்தத்தில் நாம் பேசியதை மறக்காமல் இருப்பதற்காக நாலைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். எதிரிலேயே குறித்துக்கொண்டால் பேசுகிறவர்கள் உஷாராகிவிடுவார்களாம். இந்த ஏற்பாடு யாருக்கும் தெரியாது என்று இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறார். என் மாமியார் உயிரோடு இருந்தபோது, எங்கள் வீட்டில் வந்து தங்கும் நாட்களில் படுத்தபடியே குரல் கொடுப்பார்: "டேய், அடியில வாளியையாவது வச்சிட்டுப் பேசுடா. தண்ணி வீணாப் போவுது."

குழாய் திறந்தால் எங்களில் ஒருவர் திருட்டுப் போய்விட்டோம் என்று அர்த்தம். என் தம்பியோடு நான் போட்ட சண்டை, என் அம்மா செத்தபோது நான் சொல்லி அழுதது, எல்லாம் அந்தக் குழாய் வழியாகத்தான் போனது. ஆறு மாதம் கழித்து டைப் அடிக்கும்போது யாரோ ஒரு வக்கீலின் மனைவி என் வார்த்தையைச் சொல்லி அழுதுகொண்டிருப்பாள். கேட்டால், "பேரைத்தான் மாத்திட்டேனே, உன்னை யாருக்குத் தெரியப் போவுது?" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

என்னிடமிருந்து போனதெல்லாம் துண்டு துணுக்குதான். சின்னவளை முழுசாக எடுத்துக்கொண்டார்.

அந்த நாவல் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் கடிகாரக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வருவாள். கண்ணாடிக் கடையைக் கடிகாரக் கடையாக மாற்றியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது, நாற்காலியின் நுனியில் உட்காருவது, மழையே பெய்யாத நாளிலும் குடையைப் பிரித்துக் காய வைப்பது, படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்வது, எல்லாம் சின்னவள். கடைசி அத்தியாயத்தில் பக்கத்துக் கடை டெய்லர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்பார். அவள் நிமிர்ந்து பார்த்து, "எனக்கு இந்த வீட்டுச் சாவி போதும்" என்பாள். அதோடு நாவல் முடிந்துவிடும். படித்தவர்களெல்லாம் அழுதார்கள். பரிசும் கிடைத்தது. டைப் அடிக்கும்போது நானே அழுதேன். மனுஷனுக்கு எழுத வரும், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு சின்னவளுக்கு என்ன ஆனது என்பதுதான் அவர் எழுதாதது. ஆட்கள் கடைக்கு வந்து அவளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அம்மாள் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன, சாவி பத்திரமா இருக்கா?" என்று சிரிப்பாள். சின்னவள் பூட்டை ஒரே தடவை இழுத்துவிட்டு வந்தால், "ரெண்டு பாக்கி இருக்கே" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்துவார்கள். அவள் திரும்பிப் போய் மறுபடியும் இழுப்பாள்.

கடை முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. நாவலை வாங்கி மேஜைமேல் வைத்தார். கிட்டப்பார்வை சோதிக்கும் அட்டை கிழிந்துபோயிருந்தது. "புது அட்டை எதுக்கு? இதையே குடு, வாசிக்கட்டும்" என்றார். கடைசிப் பக்கத்தை அவர் எல்லோருக்கும் பிரித்துப் பிரித்துக் காட்டியதில், புத்தகம் தானாகவே அங்கேதான் திறக்கும். அதனால் வயதானவர்கள் ஒவ்வொருவராக வந்து சின்னவளின் எதிரில் உட்கார்ந்து, சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, அவள் வாழ்க்கையை அவளுக்கே எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். இவள் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்பாள். "தெரியுதும்மா. எனக்கு… இந்த… வீட்டு…" என்பார்கள்.

மாமியார் போன பிறகும் அவள் அம்மாவோடு இருந்த அதே வீட்டில், அதே சாவியோடு இருந்தாள். சொந்தக்காரர்கள் யாரும் வரன் கொண்டுவரவில்லை. "அவதான் வேண்டாம்னு சொல்லிட்டாளே" என்பார்கள். எப்போது சொன்னாள் என்று கேட்டால் முழிப்பார்கள்.

அவள் சொல்லவே இல்லை. இது எனக்கு மட்டும் தெரியும். அந்த டெய்லர் நிஜமாகவே இருந்தார், நிஜமாகவே வீட்டுக்கு வந்து கேட்டார். இவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டிருக்கிறாள். போய்ப் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு வந்து பார்த்தால், ஆள் போய்விட்டார். அண்ணனிடம் அவர் வந்து கேட்டதை மட்டும் சொன்னாள். பதிலை அண்ணன் போட்டுக்கொண்டார். "அவர் கேட்டப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு அண்ணி. அதை நான் அண்ணன்கிட்ட சொல்லல" என்றாள் என்னிடம்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரருக்குச் சரக்கு தீர்ந்துபோனது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அடுத்து வந்த இரண்டு நாவல்களும் போணியாகவில்லை. எழுத்து புதுசாக இருக்க வேண்டுமென்றால் அனுபவம் புதுசாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, தினமும் வேறு வேறு பேருந்தில் ஏறி அலுவலகம் போய் வந்தார். ஐம்பது வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்து, சளி பிடித்துத் திரும்பினார். ஒரு வாரம் லாரியில் போய்விட்டு வந்து, லாரியைப் பற்றித் தலையணை மொத்தத்துக்கு எழுதினார். நானும் அடித்துக் கொடுத்தேன். பதிப்பாளர் படித்துவிட்டு வீட்டுக்கே வந்தார்.

"லாரி நல்லா ஓடுதுங்க. உள்ள ஆள்தான் இல்ல" என்றார். பிறகு தேநீரைக் குடித்துக்கொண்டே, "உங்க சாவிக்காரம்மா அப்புறம் என்ன ஆனாங்க? ஜனங்க அதைத்தான் கேக்குறாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தங்கைமேல் பாசம் பொங்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் பிளாஸ்கில் தேநீரோடு கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவார். "அப்புறம்? வேற என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளா விடுவாள்? "ஷட்டர் மாட்டிக்கிச்சு." "கரண்ட் போயிட்டு வந்துச்சு." இதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. அந்த மாதம் வாசகர் கூட்டம் ஒன்றில் அவர் மைக்கைப் பிடித்து, "சொந்த வாழ்க்கைங்கிறது ஊத்து மாதிரிங்க. இறைக்க இறைக்கத்தான் ஊறும்" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். கிணற்றை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நான் பின்வரிசையில் முணுமுணுத்தேன்.

ஏசிக்காரர் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

கடையில் ஏசி ஒழுகி, முகம் பார்க்கும் கண்ணாடியில் தண்ணீர் வடிந்தது. சரிசெய்ய வந்த மெக்கானிக் மனைவியை இழந்தவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். பில்லில் இருந்த பொடி எழுத்து தெரியாமல் கையை நீட்டி நீட்டிப் பார்த்தவரைச் சின்னவள்தான் பிடித்து உட்கார வைத்தாள். சட்டத்தை மாட்டி, வழக்கம்போலப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். அவர் பக்கத்தை முழுசாகப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்னால் அட்டைதான் இருந்தது.

"எழுத்து பளிச்சுன்னு தெரியுது மேடம். ஆனா இந்த டெய்லர் ஏன் ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிட்டாரு?"

இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு டெய்லரைக் குறை சொன்னவர் அவர் ஒருவர்தான். சின்னவள் சிரித்துவிட்டாள். அதில் வருகிறவள் இவள்தான் என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒழுகாத ஏசியைப் பார்க்கவும் அவர் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நேராகவே கேட்டுவிட்டார். சின்னவள் என்னவோ சொல்ல நினைத்து வாயைத் திறந்திருக்கிறாள். வந்தது இதுதான்: "எனக்கு இந்த வீட்டுச் சாவி போதும்."

அவர் மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் வருகிறவள் இவள்தான் என்று புரிந்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகமே சரியில்லை. முன்னறையில் இவர் உட்கார்ந்திருந்தார். நான் அவளைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்துக்கு இழுத்துப் போய், உள்ளே நாலு துணியைப் போட்டு, பிழியும் பொத்தானை அழுத்தினேன். எங்கள் வீட்டில் பெண்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்ள அதுதான் இடம். அவருக்குக் குழாய், எங்களுக்கு இது.

"என் வாய்க்குள்ளயே அண்ணன் உக்காந்திருக்கான் அண்ணி" என்றாள். "நான் சொல்ல நினைச்சது வேற. அது என்னன்னுகூட இப்ப ஞாபகம் வர மாட்டேங்குது."

"சரி, உனக்கு அவரைப் பிடிச்சிருக்கா?"

"அதைத்தான் யோசிக்கவே முடியல. வேண்டாம்னா அது முதல் புஸ்தகம். சரின்னா அண்ணனுக்கு ரெண்டாவது புஸ்தகம். ரெண்டுலயும் நான் எங்க இருக்கேன்?"

இருதலைக்கொள்ளி எறும்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணெதிரே பார்த்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து இயந்திரம் நின்றுவிட்டது.

"என்னது, ரெண்டாவது புஸ்தகமா?" வாசற்படியில் இவர் நின்றுகொண்டிருந்தார். ஏசிக்காரர் அடிக்கடி வருவதைக் கடை முதலாளி ஏற்கெனவே வத்தி வைத்திருக்கிறார் போல. "அவரு கேட்டுட்டாரா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ அவசரப்படாத. அவரு மறுபடி கேப்பாரு. நல்லா யோசிச்சு எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்காமச் சொல்லு, என்ன?" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அவள் போன பிறகு என்னிடம், "சரின்னு சொன்னாலும் நல்லாத்தான் இருக்கும். வேண்டாம்னு சொன்னாலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"யாருக்கு?" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். எழுந்து குளியலறைக்குப் போனார். குழாய் திறந்தது. என்னுடைய 'யாருக்கு'ம் போயிற்று.

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் என்ன செய்வது? வீட்டுக்குள் இருக்கும் திருடனுக்கு எந்தப் பூட்டைப் போடுவது?

கொஞ்ச நாள் கழித்து எனக்கே கண்ணில் வெள்ளெழுத்து விழுந்து, அவள் கடைக்குப் போனேன். கனமான அந்தச் சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, ஒரு லென்ஸைச் செருகினாள். எல்லாம் ஒரே மங்கல். அடுத்த லென்ஸை எடுக்கத் திரும்பியபோது கடைக் கதவு திறந்தது. நீலமாக ஓர் உருவம் உள்ளே வந்து நின்றது. பேச்சை வைத்துத்தான் ஏசிக்காரர் என்று தெரிந்தது.

"உங்க அண்ணி இருக்காங்க, இருக்கட்டும். அன்னிக்கு ஒரு தடவை கேட்டேன். அந்த டெய்லர் செஞ்ச தப்பை நானும் செய்யக் கூடாதுன்னு வந்திருக்கேன். ரெண்டாவது தடவை கேக்குறேன்" என்றார்.

சின்னவள் கையிலிருந்த லென்ஸைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு…" என்று ஆரம்பித்தாள். அந்தப் பாழாய்ப்போன வாக்கியம் அப்படித்தான் ஆரம்பிக்கும். கடவுளே, சாவி வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எனக்கு… தெரியலைங்க" என்றாள். "நிஜமாவே தெரியல. அன்னிக்கு வந்தது என் வார்த்தை இல்ல. கொஞ்ச நேரம் உக்காருங்களேன்."

முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரருடைய நாவல்களில் யாரும் தெரியல என்று சொன்னதே கிடையாது. எல்லோருக்கும் மனசில் இருப்பது அச்சடித்த மாதிரி தெரியும். அவர் இந்த இடத்தில் இருந்திருந்தால் அவள் கண்ணில் தண்ணீர் துளிர்த்ததா, ஏசிக்காரரின் உதடு துடித்ததா என்றெல்லாம் எழுதியிருப்பார். எனக்கு ஒரு நீலமும், சின்னவளின் புடவை மஞ்சளும்தான் தெரிந்தன. லென்ஸைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"நான் குறட்டை விடுவேன். முன்னாடியே சொல்லிடுறேன்" என்றது நீலம்.

"எவ்வளவு?"

"கம்ப்ரஸர் மாதிரின்னு எம் பொண்ணு சொல்லுவா."

"எனக்குக் காலையில ரேடியோ சத்தம் ஆகாது" என்றது மஞ்சள்.

இப்படியே போனது. அவர்கள் பேசிய எதுவும் ஒரு புத்தகத்துக்கும் உதவாது. நான் மூக்கு வலிக்க வலிக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இவர் வழிமறித்தார். மூச்சு வாங்கியது. "ஏசிக்காரர் இன்னிக்குக் கடைக்குப் போனாராமே? மறுபடி கேட்டாரா? என்ன சொன்னா?"

என் வாயில் பொய் அவ்வளவு சுளுவாக வரும் என்று எனக்கே தெரியாது. "அதையேதான் சொன்னா" என்றேன்.

"எதை?"

"எனக்கு இந்த வீட்டுச் சாவி போதும்னு."

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தை."

அவர் முகம் விழுந்துபோனது. தங்கைக்காக வருத்தப்படுகிறார் என்று ஒரு நிமிஷம் நானும் ஏமாந்தேன். "ப்ச்" என்றார். "அதான் ஏற்கெனவே எழுதியாச்சே."

அவ்வளவுதான். போய்ச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அன்றைக்குக் குழாய் திறக்கவில்லை. சின்னவள் தப்பித்துவிட்டாள் என்று ஒரு பக்கம் நிம்மதி. கூடப் பிறந்தவள் காலம் முழுக்கத் தனியாகக் கிடப்பாள் என்று கேட்டபோதும் இந்த மனுஷனுக்கு இவ்வளவுதானா என்று இன்னொரு பக்கம் ஆத்திரம். மறுநாளிலிருந்து அவர் கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை. தேநீர்ப் பிளாஸ்க் பரணுக்கு ஏறியது. நான் சொன்ன பொய்யைச் சின்னவளிடமும் சொல்லிவைத்தேன்.

சின்னவள் சரி என்று சொன்னது மழைக்காலம் முடிந்த பிறகுதான். எப்போது, என்ன வார்த்தையில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் நானும் ஏசிக்காரரின் மகளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். ஊர் பெரிது, அண்ணனுக்கு அந்தப் பக்கம் வேலையும் இல்லை. சொல்ல வேண்டிய நாள் வரும்போது தானே சொல்லிக்கொள்வதாக என்னிடமும் கடை முதலாளியிடமும் அவள் சொல்லிவைத்தாள். நான் வாயைக் கட்டிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது எங்கள் ஃபிரிட்ஜால். திடீரென்று குளிர் நின்றுபோனது. நான் போன் செய்தேன். ஒரு விடுமுறை நாள் காலையில் ஏசிக்காரர் பையோடு வந்தார். பின்னாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சின்னவள் வந்தாள். அவர் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் குனிந்தார். அவள் கேட்காமலே சரியான இடத்தில் வெளிச்சம் காட்டினாள்.

இவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். "சின்னவளே, நீ எங்க இவரோட?"

"எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு அண்ணே. நாலு மாசம் ஆச்சு."

இவர் என்னைப் பார்த்தார். நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"நீ கேக்கவே இல்லையே" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "வேண்டாம்னு சொல்லிட்டேன்னு தெரிஞ்சதுக்கப்புறம் நீ கடைப்பக்கமே வரல. தனியா இருக்கேனே, என்ன ஆச்சுன்னு ஒரு தடவை… நீ கேக்கவே இல்லையே அண்ணே."

இவர் எழுந்து நின்றார். திரும்பிக் குளியலறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். குழாய் திறந்தது.

சின்னவள் டார்ச்சைப் புருஷன் கையில் கொடுத்தாள். பின்பக்கப் பால்கனிக்குப் போய், குளியலறைக்குப் போகும் தண்ணீரின் வால்வைத் திருகி மூடினாள். உள்ளே சத்தம் மெலிந்து, சொட்டாகி, நின்றது. குழாய் நின்றது தெரியாமல் உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நீ கேக்கவே இல்லையே… நீ கேக்கவே இல்லையே…"

இத்தனை வருஷத்தில் அந்த முணுமுணுப்பை நான் தண்ணீர் இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் உடைந்திருந்தது. மனப்பாடம் செய்கிறாரா, அழுகிறாரா என்று கட்டிக்கொண்ட எனக்கே தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

ஏசிக்காரர் ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து தலையை நீட்டி, "மச்சானுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் கையைக் காட்டி அமர்த்தினேன்.

சின்னவள் குளியலறைக் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"போதும், வாண்ணே" என்றாள். "மறக்க மாட்டே."

கதவில் அவள் விரல் தடம் வெள்ளையாக இருக்கிறது. நான் இன்னும் துடைக்கவில்லை.